லாஸ் ஏஞ்சலஸ் ஐபேட் கேஸ்: மூணாவது பீரியட்ல இத வச்சு என்ன பண்ணப் போறோம்னு யாருமே கேக்கல

ஸ்கூலுக்கு டேப்லட் வாங்கப் போறோம், லேப்டாப் வாங்கப் போறோம், எந்த மாடல் நல்லாருக்கும்னு யாராவது கேட்டா நான் மாடல் பேரு சொல்றதில்ல, லாஸ் ஏஞ்சலஸ்ல 2013ல எல்லா ஸ்கூல் பிள்ளைங்களுக்கும் ஐபேட் குடுக்கப் போய் நடந்தத முதல்ல படிச்சுட்டு வாங்கன்னுதான் சொல்வேன். காசு இருந்துச்சு, நல்ல டிவைஸ் இருந்துச்சு, மேல இருக்கவங்களுக்கு ஆர்வமும் இருந்துச்சு, அப்படியும் ஒண்ணேகால் வருஷத்துல மொத்தமும் கவுந்துருச்சு. ஏன் கவுந்துச்சுன்னு ஒவ்வொரு இடமா பாத்தா ஒரு டீச்சர் வகுப்புல எதெதெல்லாம் முன்னாடியே யோசிச்சு வச்சுக்கணும்ங்கறது அதுலயே கிடைச்சுரும், தனியா டிப்ஸ் லிஸ்ட் தேட வேண்டியதில்ல.

லாஸ் ஏஞ்சலஸ் யூனிஃபைட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ங்கறது அமெரிக்காவுல நியூயார்க்குக்கு அடுத்த பெரிய ஸ்கூல் நிர்வாகம், அந்த நேரத்துல சுமார் ஆறரை லட்சம் பிள்ளைங்க. அப்ப அதுக்குத் தலைமை ஜான் டீஸி, பதவி பேரு சூப்பரின்டென்டன்ட். அவர் வாதம் சுருக்கமா இதுதான்: பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுலயே கம்ப்யூட்டர் இருக்கு, ஏழைப் பிள்ளைக்கு இல்ல, அதனால எல்லார் கையிலயும் ஒண்ணு குடுக்கறது சிவில் உரிமை விஷயம். இந்த வாதத்துல எனக்கு ஒரு குறையும் தெரியல. கூடவே காமன் கோர்னு புதுப் பாடத்திட்டம் வந்துட்டு இருந்துச்சு, அதுக்கான மாநிலத் தேர்வும் கம்ப்யூட்டர்லதான் எழுதணும்னு ஆச்சு, அதனால அவசரம் வேற.

2013 ஜூன்ல டிஸ்ட்ரிக்டோட நிர்வாகக் குழு, ஆப்பிளோட போடற முதல் கட்ட 3 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு ஓகே சொல்லிருச்சு. முதல்ல 47 ஸ்கூல். ஐபேட் கூடவே பாடப்புத்தகம் போடற பியர்சன் கம்பெனியோட டிஜிட்டல் பாடங்களும் சேர்ந்து ஒரே பேக்கேஜ். அப்புறம் எல்லா ஸ்கூலுக்கும் கொண்டு போறது, வைஃபை போடறது எல்லாம் சேத்து மொத்தத் திட்டம் சுமார் 130 கோடி டாலர்னு கணக்கு வந்துச்சு. இதுக்குப் பணம் எங்க இருந்துன்னு பாத்தா, ஸ்கூல் கட்டடம் கட்டறதுக்கும் ரிப்பேர் பாக்கறதுக்கும்னு மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட பத்திரக் கடன்ல இருந்து. பல வருஷம் வட்டி கட்டற கடன்ல மூணு நாலு வருஷத்துல பழசாகற பொருள வாங்கறது சரியான்னு அங்கயே அப்பவே பெரிய சண்டை நடந்துச்சு.

பிள்ளைங்க ஃபில்டர உடைச்ச கதை

எல்லாருக்கும் தெரிஞ்சது இந்த எபிசோட்தான், பேப்பர்ல டிவில எல்லாம் சிரிச்சாங்க. 2013 செப்டம்பர்ல ரூஸ்வெல்ட் ஹை ஸ்கூல் உட்பட மூணு ஹை ஸ்கூல்ல ஐபேட் கைக்கு வந்த சூட்டோட பிள்ளைங்க வேண்டாத வெப்சைட்ட தடுக்கற ஃபில்டர தாண்டி ஃபேஸ்புக், ட்விட்டர், பண்டோரால பாட்டுன்னு போயிட்டாங்க, ரூஸ்வெல்ட்ல மட்டும் கிட்டத்தட்ட 300 பேர். ஹேக்கிங்னு தலைப்பு போட்டாங்க, ஆனா அதுல ஹேக்கிங் ஒண்ணும் இல்ல. டிவைஸ தூரத்துல இருந்து கட்டுப்படுத்தறதுக்கு ஒரு ப்ரொஃபைல் போட்டு வச்சிருந்தாங்க, பிள்ளைங்க செட்டிங்ஸ்க்குள்ள போய் அத டெலீட் பண்ணிட்டாங்க, அவ்ளோதான். பூட்டப் போட்டுட்டு சாவியையும் கதவுலயே விட்டுட்டுப் போன மாதிரி. பதறிப் போய் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறத நிறுத்துனாங்க, அந்த ஹை ஸ்கூல்கள்ல ஐபேடையே திருப்பி வாங்கிட்டாங்க.

இத பிள்ளைங்க ஒழுக்கப் பிரச்சனையா பாத்தா பாடம் கிடைக்காது. அந்தப் பிள்ளைங்க ஆபாசமோ திருட்டோ தேடிப் போகல, யாரு கையில ஐபேட் குடுத்தாலும் முதல்ல பண்றதத்தான் பண்ணாங்க. அதுக்கப்புறம் 2014 ஃபிப்ரவரில ஆப்பிளே யூசரால நீக்க முடியாத மாதிரி டிவைஸ நிர்வாகத்துல சேக்கற வசதிய கொண்டு வந்துச்சு, கூகுளோட க்ரோம்புக் லேப்டாப்லயும் இப்ப அந்த மாதிரி பூட்டு உண்டு. அதனால இன்னைக்கு வாங்கறவங்க முதல் வேலையா ஒரே ஒரு டிவைஸ வாங்கி, நல்லா சேட்டை பண்ற ஒன்பதாம் வகுப்புப் பசங்க நாலு பேர் கையில குடுத்து, ஒரு வாரத்துல இத உடைச்சுக் காட்டுங்கடான்னு சொல்லிப் பாருங்க, எந்த ஐடி கன்சல்டன்ட்டும் குடுக்காத ரிப்போர்ட் ஓசில கிடைக்கும். அப்புறம் ஃபில்டர் ஸ்கூல் வைஃபைல மட்டும் வேலை செய்யுதா, இல்ல வீட்டு நெட்லயும், ஃபோன் ஹாட்ஸ்பாட்லயும் வேலை செய்யுதான்னு தனியா பாக்கணும், பாதி இடத்துல இதுதான் ஓட்டை.

வகுப்புக்குள்ள ஃபில்டரவிட டீச்சர் நிக்கற இடம்தான் பெருசு. ஐபேட்ல கைடட் ஆக்ஸஸ்னு ஒண்ணு இருக்கு, ஒரே ஆப்ல ஸ்க்ரீன நிறுத்தி வைக்கும், ஆண்ட்ராய்டுல ஸ்க்ரீன் பின்னிங்னு இருக்கும், இது ரெண்டும் சின்ன வகுப்புக்குப் போதும். பெரிய வகுப்புல பெஞ்ச் வரிசையை டீச்சர் பின்னாடி நின்னா எல்லா ஸ்க்ரீனும் தெரியற மாதிரி போட்டு, முன்னாடி நின்னு கத்தறத விட்டுட்டு பின்னாடி நடந்துட்டே பாடம் எடுத்தாலே முக்கால்வாசி சேட்டை அடங்கிரும். பேசும்போது லேப்டாப்னா மூடிய பாதி சாய்ங்க, டேப்லட்னா கவுத்து வைங்கன்னு ஒரே ஒரு கட்டளை, அத முதல் வாரம் பாடமே நடத்தாம பழக்கினாலும் தப்பில்ல.

யார் தொலைச்சா யார் கட்டணும்

சின்ன விஷயம்னு நினைப்பீங்க, ஆனா அங்க இதுலயே நிறைய குழப்பம். டிவைஸ் உடைஞ்சா, தொலைஞ்சா பெத்தவங்க பணம் கட்டணுமா வேண்டாமான்னு ஒரு ஸ்கூல்ல ஒண்ணு சொன்னாங்க, அடுத்த ஸ்கூல்ல வேற சொன்னாங்க. நம்ம ஊர் ஸ்கூலா இருந்தா இது இன்னும் மோசமாகும், ஏன்னா தினக்கூலி வீட்டுல ஒரு டேப்லட்டோட விலை ரெண்டு மாச வருமானம், அவங்க பயந்து போய் பிள்ளைய தொடாதேன்னு சொல்லிருவாங்க, அப்புறம் டிவைஸ் பீரோவுலதான் தூங்கும். அதனால குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி, தெரியாம உடைஞ்சா ஸ்கூல் பாத்துக்கும், வேணும்னே உடைச்சா இவ்வளவுன்னு தெளிவா சொல்லி கையெழுத்து வாங்கிருங்க. நூறு வாங்குனா அஞ்சாறு ஸ்பேரா தனியா வைங்க, சார்ஜர் அதவிட அதிகமா வைங்க, டிவைஸ் உடையறதுக்கு முன்னாடி சார்ஜர் கேபிள்தான் போகும்.

விலை, கீபோர்டு, லைசென்ஸ்

இது கரஸ்பாண்டென்ட், ஹெச்.எம். படிக்க வேண்டிய இடம். ஒரு ஐபேட் 678 டாலர்னு முதல்ல சொன்னாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, அந்த டிஸ்கவுண்ட் 40 கோடி டாலருக்கு வாங்கின பிறகுதான் கிடைக்குமாம், அதுவரைக்கும் 768 டாலர், அன்னைக்கு ரேட்ல நம்ம காசுக்கு 45 ஆயிரத்துக்கு மேல. சரி அதையும் விடுங்க, தேர்வு எழுதறதுக்கு டைப் அடிக்கணுமே, டச் ஸ்க்ரீன்ல பத்தி பத்தியா எப்படி அடிப்பாங்கன்னு கேள்வி வந்து கீபோர்டு தனியா வாங்க வேண்டியதாச்சு. கம்ப்யூட்டர்ல தேர்வு வருதுங்கறதுதான் இத்தனை அவசரத்துக்குக் காரணம், அந்தத் தேர்வுக்கு வேண்டிய கீபோர்டே முதல் கணக்குல இல்ல. பியர்சன் பாடத்துக்கு லைசென்ஸ் மூணு வருஷம்தான், அப்புறம் மறுபடி பணம்.

டேப்லட்டா லேப்டாப்பாங்கற கேள்விக்கு இங்கயே பதில் இருக்கு. பிள்ளை அதுல என்ன செய்யப் போகுதுன்னு பாருங்க. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் தொட்டு, இழுத்து, படம் எடுத்து, பேசி ரெக்கார்ட் பண்ற வேலைன்னா டேப்லட். எட்டாவதுக்கு மேல கட்டுரை, ஸ்ப்ரெட்ஷீட், கோடிங்னா லேப்டாப்போ க்ரோம்புக்கோதான், டேப்லட் கூட கீபோர்டு சேத்தா விலை லேப்டாப் பக்கத்துல வந்து நிக்கும். லாஸ் ஏஞ்சலஸ்லயும் அடுத்த வருஷமே ஹை ஸ்கூல்கள்கிட்ட லேப்டாப்பே தேர்ந்தெடுத்துக்கங்கன்னு இறங்கி வந்தாங்க. தமிழ்ல டைப் அடிக்கணும்னா இன்னொரு விஷயம், தமிழ்99 கீபோர்டு ஒரு மாசம் பழக்குனா பிள்ளைங்க பெரியவங்களவிட வேகமா அடிப்பாங்க, ஆனா அந்த ஒரு மாசத்துக்கு டைம்டேபிள்ல இடம் வேணும், இல்லன்னா எல்லாரும் அம்மாங்கறத இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுட்டுப் போயிருவாங்க.

245 வகுப்புல ஒரே ஒருத்தர்

ஃபில்டர் கதை சிரிப்பு, விலை கதை கோவம், ஆனா எனக்கு மொத்த கேஸும் இங்கதான் இருக்கு. அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட்ஸ் ஃபார் ரிசர்ச்ங்கற அமைப்பு முதல் வருஷத்த ஆராய்ஞ்சு 2014 செப்டம்பர்ல ரிப்போர்ட் குடுத்துச்சு. அவங்க போய் உக்காந்து பாத்த 245 வகுப்புல, அந்த பியர்சன் பாடத்த பயன்படுத்திட்டு இருந்த டீச்சர் ஒரே ஒருத்தர். காசு குடுத்து வாங்கின பேக்கேஜ்ல முக்கியமான பங்கு அந்தப் பாடம். அது முழுசா தயாராகவே இல்லாம வந்திருந்துச்சு, சில பாடம் மாதிரிக்கு மட்டும், மீதி அப்புறம் வரும்னு. டீச்சர்க்கு நெட் சரியா வரல, லாகின் ஆகல, எப்படி நடத்தறதுன்னு பக்கத்துல இருந்து சொல்ல ஆளில்ல, அப்புறம் அவங்க என்ன பண்ணுவாங்க, தெரிஞ்ச கரும்பலகைக்கே திரும்பிட்டாங்க. நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன், 40 பிள்ளை முன்னாடி சுத்திட்டே இருக்கற லோடிங் வட்டத்த பாத்துட்டு நிக்கறது எவ்வளவு கேவலம்னு நின்னவங்களுக்குத்தான் தெரியும்.

2015 ஜனவரில அமெரிக்கக் கல்வித்துறையும் ஒரு ரிவ்யூ குடுத்துச்சு, ஒரே கம்பெனி பொருள ரொம்ப நம்பிட்டீங்க, எல்லா வகுப்புக்கும் ஒரே வகை டிவைஸ்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு அதுலயும் குறை சொன்னாங்க.

இதே ஆப்பிள், இதே அமெரிக்கா, பத்து வருஷம் முன்னாடி மெய்ன் மாநிலத்துல வேற மாதிரி நடந்துச்சு. 2002ல ஆங்கஸ் கிங் கவர்னரா இருந்தப்ப ஏழாம் வகுப்புப் பிள்ளைங்க எல்லாருக்கும் லேப்டாப், ஆப்பிளோட ஐபுக். ஆனா மொதல்ல ஒன்பது ஸ்கூல்ல மட்டும் போட்டுப் பாத்தாங்க, ஒரு வகுப்பு ஏழாவதுன்னு குறுக்கி வச்சுக்கிட்டாங்க, அடுத்த வருஷம்தான் எட்டாவது. எழுத்துத் தேர்வுல எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க தேறுன அளவு 2000ல சுமார் 29 சதவீதம், 2005ல 41. ஏன் எழுத்துலன்னா, அங்க டீச்சர்ங்க லேப்டாப்ப எழுதறதுக்கும் திருத்தறதுக்கும் திருப்பி எழுதறதுக்கும் நிஜமாவே பயன்படுத்துனாங்க. மேக்ஸ்ல அந்த மாதிரி தானா ஒண்ணும் ஏறல, மேக்ஸ் டீச்சர்களுக்கு லேப்டாப்ல கணக்கு எப்படி நடத்தறதுன்னு தனியா ட்ரெயினிங் குடுத்துப் பாத்த ஆய்வுல மட்டும் ஏற்றம் தெரிஞ்சுது. பெரு நாட்டுல ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப் திட்டத்த 319 ஸ்கூல்ல ஆராய்ஞ்சதும் இதேதான் சொல்லுச்சு, ஒரு பிள்ளைக்கு 0.12ன்னு இருந்த கம்ப்யூட்டர் எண்ணிக்கை 1.18 ஆச்சு, மேக்ஸ்லயும் மொழிலயும் மார்க் நகரவே இல்ல. (நம்ம ஊர்ல 2011ல இருந்து குடுத்த விலையில்லா லேப்டாப்ப இதோட அப்படியே ஒப்பிட முடியாது, அது பிளஸ் டூ, காலேஜ் பிள்ளைங்களுக்கு சொந்தமா குடுத்தது, வகுப்புப் பாடத்துக்குன்னு குடுத்ததில்ல.)

அதனால எங்கிட்ட கேக்கறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான். நாளைக்கு மூணாவது பீரியட், ஏழாவது பி செக்ஷன், சயின்ஸ், என்ன பாடம், அதுல எந்தப் பத்து நிமிஷம் டிவைஸ் இல்லாம முடியாதது? இதுக்குப் பதில் சொல்ல முடியலன்னா வாங்காதீங்க, வாங்கிட்டீங்கன்னா பீரோவுலயே இருக்கட்டும், வெளிய எடுக்காதீங்க.

40 நிமிஷத்துல எங்க போகுது நேரம்

டிவைஸ அடுக்கி வைக்கற வண்டில இருந்து எடுக்க அஞ்சு நிமிஷம், ஆன் பண்ணி லாகின் பண்ண அஞ்சு, திருப்பி அடுக்கி சார்ஜ்ல போட அஞ்சு. 40ல 15 போச்சு, அதுவும் எல்லாம் ஒழுங்கா நடந்தா. இத கொறைக்கறது ரொம்ப சாதாரண விஷயங்கள்தான். டிவைஸ் மேல பெருசா நம்பர் ஸ்டிக்கர், ரோல் நம்பரும் அதுவும் ஒண்ணே, 17ஆம் நம்பர் பிள்ளை எப்பவும் 17ஆம் நம்பர் டேப்லட், கீறல் விழுந்தாலும் யாருன்னு தெரியும். வரிசைக்கு ஒரு பிள்ளை, அவங்கதான் எடுத்துக் குடுக்கணும், எண்ணி வைக்கணும், பாஸ்வேர்டு மறந்தவனுக்கு உதவணும். பாஸ்வேர்டு சின்ன பிள்ளைங்களுக்கு க்யூஆர் கார்டா லேமினேட் பண்ணி வச்சுட்டா அந்த அழுகையே இல்ல. லிங்க் எதையும் போர்டுல எழுதி டைப் அடிக்க விடாதீங்க, க்யூஆர் கோட் ப்ரொஜெக்டர்ல காட்டுங்க.

நெட்ட நம்பாதீங்க. 40 பிள்ளை ஆளுக்கொரு வீடியோ ஓட்டுனா, ஒண்ணுக்கு 2 எம்பிபிஎஸ் நெட் வேகம்னு வச்சாலும் 80 எம்பிபிஎஸ், அதுவும் ஒரே ரவுட்டர்ல, வீட்டுக்கு வாங்கற சாதா ரவுட்டர்ல 40 டிவைஸ் ஒண்ணா ஏறுனாலே அது திக்கும். வீடியோன்னா ஒரு தடவை ப்ரொஜெக்டர்ல எல்லாருக்கும் போடுங்க, பிள்ளைங்க டிவைஸ்ல முந்தின நாளே டவுன்லோட் பண்ணி வைங்க. கொலிப்ரின்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு பழைய கம்ப்யூட்டர்ல பாடங்கள ஏத்தி வச்சா நெட் கனெக்ஷனே இல்லாம வகுப்புல இருக்க டிவைஸ் எல்லாம் அதுல இருந்து எடுத்துக்கும், கிராமத்து ஸ்கூலுக்கு இதவிட நல்லது நான் பாக்கல.

கரண்ட் பத்தி யாரும் பேசறதில்ல. டேப்லட் 40ம் ஒண்ணா சார்ஜ் போட்டா ஒண்ணுக்கு 12 வாட்ஸ் கணக்குல 480 வாட்ஸ், பிரச்சனை இல்ல. லேப்டாப் 45 வாட்ஸ் சார்ஜரா இருந்தா 1800, நம்ம சுவத்துல இருக்க 6 ஆம்ப்ஸ் சாக்கெட் தாங்கறது 1400 வாட்ஸுக்குள்ளதான். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல 40ஐயும் சொருகி வச்சுட்டு ராத்திரி பூட்டிட்டுப் போற ஸ்கூல் இருக்கு, தயவு செஞ்சு வேண்டாம், எலக்ட்ரீஷியன கூப்பிட்டு 16 ஆம்ப்ஸ் லைன் போடுங்க, இல்ல பாதிப் பாதியா சார்ஜ் பண்ணுங்க.

எதுக்கு பயன்படுத்தறதுன்னா, என் கணக்குல டேப்லட்டோட முதல் ஆயுதம் கேமராதான், ஆப் எல்லாம் அப்புறம். பயறு முளைக்கறத தினம் ஒரு ஃபோட்டோ எடுத்து வரிசையா ஓட்டிப் பாக்கறது, லேப்ல டைட்ரேஷன் நிறம் மாறற இடத்த ஸ்லோ மோஷன்ல எடுத்து எந்தச் சொட்டுல மாறுச்சுன்னு சண்டை போடறது, தமிழ் வகுப்புல செய்யுள தன் குரல்ல ரெக்கார்ட் பண்ணி தானே கேட்டு எங்க மூச்சு வாங்குதுன்னு திருத்தறது, இதெல்லாம் நோட்டும் பேனாவும் வச்சு பண்ண முடியாது. அப்புறம் பீரியட் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கூகுள் ஃபார்ம்ல மூணே கேள்வி, யாருக்குப் புரியலன்னு அன்னைக்கே தெரிஞ்சுரும். டெக்ஸ்ட்புக்க பிடிஎஃப்பா திறந்து வச்சு படிக்கச் சொல்றதுக்கு மட்டும் டிவைஸ எடுக்காதீங்க, புத்தகமே அதுக்கு மேல்.

தினமும் வேண்டவும் வேண்டாம். 2015ல ஓஇசிடிங்கற பணக்கார நாடுகளோட கூட்டமைப்பு வெளியிட்ட ரிப்போர்ட்டுல ஸ்கூல்ல கம்ப்யூட்டர அளவா பயன்படுத்துன பிள்ளைங்க, அரிதா பயன்படுத்துனவங்களவிட கொஞ்சம் நல்லா பண்ணாங்க, ரொம்ப அதிகமா பயன்படுத்துனவங்க ரொம்பவே பின்தங்குனாங்க. ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு குடுத்தாலும் குறையில்ல, சொல்லப்போனா பல பாடத்துக்கு அதுதான் நல்லது, ஒருத்தன் ஓட்டுவான் ஒருத்தன் கேள்வி கேப்பான், பத்து நிமிஷத்துல மாத்திக்கணும்.

டீச்சர் ட்ரெயினிங்னு மண்டபத்துல உக்கார வச்சு ஸ்லைடு காட்டறது ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்ல. ஸ்டாஃப் ரூம்ல ஆர்வம் இருக்க ரெண்டு பேர பிடிங்க, அவங்களுக்கு ஒரு டெர்ம் முன்னாடியே டிவைஸ குடுத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விடுங்க, பேரனோட விளையாடட்டும், பரவால்ல. அப்புறம் அவங்க மத்தவங்க வகுப்புல போய் பின்னாடி உக்காந்து, லாகின் ஆகாதப்ப எழுந்து போய் உதவணும், அதுக்கு வாரத்துல ரெண்டு பீரியட் ஃப்ரீயா விடணும். ஹெச்.எம். இந்த ரெண்டு பீரியட குடுக்க மாட்டேன்னாருன்னா அந்த ஸ்கூல்ல இது நடக்காது, நேரா சொல்லிரலாம்.

கேஸோட முடிவு

2014 ஆகஸ்ட்ல, டெண்டர் விடறதுக்கு முன்னாடியே டீஸியும் அவரோட துணை அதிகாரியும் ஆப்பிள், பியர்சன் ஆளுங்களோட பேசிட்டு இருந்த ஈமெயில்கள் வெளிய வந்துச்சு. உடனே ஒப்பந்தத்த நிறுத்திட்டாங்க. அக்டோபர்ல டீஸி ராஜினாமா. டிசம்பர்ல எஃப்பிஐ வந்து 20 பெட்டி ஃபைல அள்ளிட்டுப் போச்சு, ஆனா 2017ல யார் மேலயும் வழக்கு இல்லாம விசாரணைய முடிச்சுட்டாங்க, டீஸி தப்பு எதுவும் பண்ணலன்னுதான் கடைசி வரைக்கும் சொன்னார். 2015ல டிஸ்ட்ரிக்டுக்கு 64 லட்சம் டாலர் செட்டில்மென்ட் வந்துச்சு, அதுல 42 லட்சம் ஆப்பிள்கிட்ட இருந்து, 22 லட்சம் லேப்டாப் குடுத்த லெனோவோ கம்பெனிகிட்ட இருந்து.

ஏற்கனவே வாங்கி பீரோவுல வச்சிருக்கவங்க இப்ப என்ன பண்ணலாம்னா, ஏப்ரல்ல எல்லாத்தையும் எண்ணி எடுங்க, பேட்டரி உப்பிருக்கறத முதல்ல தனியா வைங்க, அத சார்ஜ் போடவே கூடாது. மீதிய பாதி சார்ஜ்ல வச்சு ஆஃப் பண்ணி மூடுங்க, காலி பேட்டரியோட ரெண்டு மாசம் லீவுல கிடந்தா ஜூன்ல பாதி எந்திரிக்காது. ஜூன்ல ஒரே ஒரு வகுப்பு, ஒரே ஒரு டீச்சர், வாரத்துக்கு ரெண்டு பீரியட்னு ஆரம்பிங்க. காலாண்டுப் பரீட்சை வரும்போது அந்த டீச்சரே இன்னொரு பீரியட் வேணும்னு வந்து கேட்டா அடுத்த செக்ஷனுக்கு குடுங்க, கேக்கலன்னா ஏன் கேக்கலன்னு அவங்ககிட்டயே உக்காந்து பேசுங்க.